துறவற சபையில் சேர நினைப்பவர்களுக்கு: முதல் விசாரிப்பிலிருந்து நித்திய வார்த்தைப்பாடு வரை

பிளஸ் டூ தேர்வு முடிந்த ஏப்ரல், மே மாதங்களில் காவிரி டெல்டாவின் கத்தோலிக்கப் பங்குகளுக்கு, அதாவது ஊர்க் கோயில்களுக்கு, துறவற சபைகளிலிருந்து ஆள் வருவார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பேசுவார்கள், பெயர் எழுதிக்கொள்வார்கள், முகாமுக்கு அழைப்பார்கள். குறுவைக்கு நாற்றங்கால் போடும் ஜூன் மாதத்தில் பிள்ளை பெட்டியோடு பஸ் ஏறிவிடும். இரண்டே மாதத்தில் முடிந்துவிடும் இந்த ஏற்பாட்டில் உண்மையான இறையழைத்தலும் (துறவுக்குக் கடவுள் தரும் அழைப்பும்) இருக்கிறது, பின்னால் வருந்த வேண்டிய முடிவும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தறியக் குறைந்தது ஓர் ஆண்டு வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அந்த ஓர் ஆண்டில் என்ன செய்வது, சேர்ந்த பிறகு எதில் கவனமாக இருப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். "சாமியாராகப் போறேன்" என்று சொல்லும் பையன்களில் பலருக்கு மறைமாவட்டக் குருவுக்கும் துறவற சபைக் குருவுக்கும் வித்தியாசம் தெரியாது. தஞ்சாவூர் மறைமாவட்டத்துக்கோ கும்பகோணம் மறைமாவட்டத்துக்கோ குருவாகிறவர் அந்த மறைமாவட்டத்தின் தலைவரான ஆயருக்குக் கீழ்ப்படிவதாகவும் மணமாகாமல் வாழ்வதாகவும் வாக்களிக்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு, அதாவது ஏழ்மையில் வாழ்வதாகக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு, அவருக்குக் கிடையாது. சொந்தச் சேமிப்பு இருக்கலாம், பணியும் பெரும்பாலும் அந்த மறைமாவட்ட எல்லைக்குள்தான். துறவி கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளையும் கொடுத்து, குழுவாக ஒரே வீட்டில் வாழ்ந்து, சபை அனுப்பும் ஊருக்குப் போகிறார். அது திருவையாறாகவும் இருக்கலாம், ஜார்க்கண்டாகவும் இருக்கலாம். சபைகளில் குருப்பட்டம் பெறாத அருள்சகோதரர்களும் உண்டு. அவர்களுடைய துறவு குருக்களுடைய துறவுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பூசை வைப்பதும் ஒரு பங்கை நடத்துவதும்தான் உங்களை இழுக்கிறது என்றால் மறைமாவட்டக் குருமடத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

நேர்ந்துகொண்ட பிள்ளைகள்

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பிள்ளை இல்லாதபோதோ, பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோதோ, "பிழைச்சா உனக்கே கொடுத்துடறேன் தாயே" என்று வேளாங்கண்ணியிலோ பூண்டியிலோ நேர்ந்துகொண்ட அம்மாக்கள் ஏராளம். பதினெட்டு வருடம் கழித்து அந்தப் பிள்ளையிடம் அதைச் சொல்கிறார்கள். பிள்ளை மறுத்தால் மாதாவுக்குக் கொடுத்த வாக்கை மீறியதாகும் என்ற பயம் வீடு முழுக்கப் பரவுகிறது.

திருச்சபைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. நேர்த்தி, அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் (சட்டம் 1193). அம்மா செய்த நேர்த்தி மகளைக் கட்டாது. அம்மாவுக்கு மனச்சுமை இருந்தால் பங்குத்தந்தையிடம் போகட்டும்; தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விடுவிக்க அவருக்கு அதிகாரம் உண்டு (சட்டம் 1196). ஏழைப் பிள்ளை ஒன்றைப் படிக்கவைப்பது போன்ற, நேர்ந்ததற்குச் சமமான அல்லது மேலான ஒரு நற்செயலாக அம்மாவே அதை மாற்றிக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது (சட்டம் 1197). பிள்ளை தன் முடிவை எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. வலுக்கட்டாயத்தாலோ கடும் அச்சத்தாலோ ஏமாற்றாலோ நவதுறவில் (முதல் வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக் காலத்தில்) நுழைந்தால் அந்த நுழைவே செல்லாது என்கிறது சட்டம் 643.

வேறு நோக்கங்களும் கலந்து வரும். வரதட்சணைக்கு வழியில்லை, கல்லூரிச் செலவைச் சபை பார்த்துக்கொள்ளும், அப்பாவின் குடியிலிருந்து தப்பிக்கலாம், காதல் முறிந்துவிட்டது. இவற்றில் ஒன்று மனதில் இருப்பதாலேயே அழைத்தல் பொய்யாகிவிடாது. ஆனால் அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாளைக்கே வரதட்சணை இல்லாமல் நல்ல இடத்தில் கல்யாணம் அமைகிறது என்று வையுங்கள். அப்போதும் சபைக்குப் போக மனம் விரும்புகிறதா? இந்தக் கேள்வியை உங்கள் ஆன்ம வழிகாட்டியிடம் வாய்விட்டுப் பேசுங்கள். மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நவதுறவில் இரண்டாவது ஆண்டில் அது எப்படியும் வெளியே வரும், அப்போது வலி அதிகம்.

வீட்டிலிருந்தபடியே தெளிந்து தேர்ந்தெடுத்தல்

வழிகாட்டியாக ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். உங்களைச் சேர்க்க வந்த இறையழைத்தல் இயக்குநராக அவர் இருக்கக் கூடாது. உங்கள் முடிவால் அவருக்கு லாபமோ நஷ்டமோ இருக்கக் கூடாது. பங்குத்தந்தை, பக்கத்துப் பங்கின் வயதான சிஸ்டர், கல்லூரி ஆன்மகுரு என யாராகவும் இருக்கலாம். மாதம் ஒருமுறை முக்கால் மணி நேரம் போதும்.

தினமும் இரவில் பதினைந்து நிமிடம் ஆன்மச் சோதனை செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு இரண்டே வரி: இன்று எந்த நேரத்தில் மனம் கடவுளை நோக்கித் திறந்திருந்தது, எந்த நேரத்தில் சுருங்கிப்போனது. பாவக் கணக்கு எழுத வேண்டாம், அதற்கு ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) இருக்கிறது. மூன்று மாதம் விடாமல் எழுதினால் ஒரு போக்கு தெரியும். நோயாளி வீட்டுக்குப் போன நாள்களிலும் மறைக்கல்வி எடுத்த நாள்களிலும் அமைதி நீடித்ததா, அல்லது வெள்ளை உடுப்பில் தன்னைக் கற்பனை செய்த நாள்களில் மட்டும் உற்சாகம் வந்து மறுநாள் காணாமல் போனதா என்று அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும். அறுவடை, தேர்வு, வீட்டில் சண்டை எல்லாம் அந்த மூன்று மாதத்துக்குள் வருவது நல்லது. நடைபயணமாக வேளாங்கண்ணி போய்க் கொடியேற்றம் பார்த்துவிட்டு வந்த வாரத்தில் எல்லோருக்கும் அழைத்தல் இருப்பது போலத்தான் தோன்றும்.

புனித இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளில் இதற்கு இரண்டு விதிகள் உண்டு. மனம் வறண்டிருக்கும்போது ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றாதே என்பது பலருக்கும் தெரிந்த விதி. இன்னொன்று, ஒருவர் ஆறுதலும் ஆர்வமும் பொங்கும் நிலையில் இருக்கும்போது அவசரப்பட்டு எந்த வாக்கும் கொடுத்துவிடாமல் வழிகாட்டி தடுக்க வேண்டும். முகாமின் கடைசி நாள் இரவில், மெழுகுவர்த்தி ஏற்றிப் பாட்டுப் பாடி, "யார் யார் வர்றீங்க, கை தூக்குங்க" என்று கேட்பது இந்த விதிக்கு நேர் எதிர். அந்த இரவில் கை தூக்காதீர்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துக் கடிதம் எழுதுங்கள்.

சபையைப் பார்ப்பது எப்படி

ஒரே சபையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், குறைந்தது இரண்டு. ஒவ்வொரு சபைக்கும் தொடக்கத்திலிருந்தே ஒரு தனிப்பண்பு உண்டு. நம் பகுதியிலேயே அதன் தடங்கள் தெரியும். இயேசு சபையார் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு மாற்றியதுதான் தூய வளனார் கல்லூரி. ஏலாக்குறிச்சி வீரமாமுனிவரும் அந்தச் சபையைச் சேர்ந்தவரே. தொன் போஸ்கோவின் சலேசியர் இந்தியாவில் முதன்முதலாகப் பணி தொடங்கியது 1906இல் தஞ்சாவூரில். ஏழை இளைஞர்களின் கல்வியும் தொழிற்பயிற்சியும் அவர்களுடைய களம். துறவிகள் வெளியே வராமல் வாழும் கார்மேல் போன்ற அடைபட்ட மடங்களில் செபமே முழுநேரப் பணி. பள்ளியில் பாடம் எடுத்த சிஸ்டரைப் பிடித்திருந்தது என்பது விசாரிக்கத் தொடங்க நல்ல காரணம், சேர்வதற்கு அது போதாது. அந்த சிஸ்டர் இல்லாத வீட்டில், அதே சபையின் வேறொரு பணியில் உங்களை வைத்துப் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது திருவிழா நாளில் போகாதீர்கள். சாதாரண வாரநாளில் மூன்று நாள் தங்க அனுமதி கேளுங்கள். சமையலறையில் நில்லுங்கள். சமையல்கார அம்மாவிடமும் டிரைவரிடமும் தலைவி எந்தக் குரலில் பேசுகிறார்? படுக்கையில் இருக்கும் வயதான சிஸ்டரை யார் குளிப்பாட்டுகிறார்கள், அவரோடு உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறதா? சாப்பாட்டு மேசையில் அங்கே இல்லாதவர்களைப் பற்றி என்ன பேச்சு ஓடுகிறது? செபநேரம் ஒழுங்காக இருந்தும் இந்த மூன்றிலும் கசப்பு தெரிந்தால் அந்த வீட்டைப் பற்றி வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

சாதியைப் பற்றியும் நேராகக் கேளுங்கள். தமிழகத் திருச்சபையில் சாதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, டெல்டாவில் தெருவுக்குத் தெரு அது தெரியும். சபையில் பொறுப்புகளில் யார் யார் இருக்கிறார்கள், தலித் சமூகத்திலிருந்து வந்தவர்கள் வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாடு வரை நிலைக்கிறார்களா, பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள் என்று விசாரிக்க உங்களுக்கு உரிமை உண்டு. கேள்வியால் கோபப்படும் சபையைவிட, சங்கடத்தோடாவது பதில் சொல்லும் சபை நம்பத் தகுந்தது.

வெளிமாநிலத்திலிருந்து வந்து, பெயர் கேள்விப்படாத சபைக்கு ஆள் சேர்த்தால் ஆயர் இல்லத்தில் விசாரியுங்கள். அது திருப்பீட அனுமதி பெற்ற சபையா, ஏதாவது ஒரு மறைமாவட்ட ஆயரின் அனுமதி பெற்றதா, இன்னும் சபையாகவே அங்கீகரிக்கப்படாத குழுவா என்பதை அங்கே சொல்வார்கள். நவதுறவகம் எந்த ஊரில், எந்த மொழியில் நடக்கிறது, வீட்டுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை போன் பேசலாம் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழ், டி.சி. போன்றவற்றை ஒப்படைக்கச் சொன்னால் சான்றொப்பமிட்ட நகலைக் கொடுங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கு அசல் தேவைப்பட்டால் அப்போது கொடுத்துத் திரும்ப வாங்கலாம். வெளியே வர விரும்பும் பிள்ளை அசல் சான்றிதழுக்காகவே மாதக்கணக்கில் தயங்கி நிற்பது நடக்கிறது.

காகிதங்கள், கடன், உடம்பு

சட்டம் 645 கேட்பது திருமுழுக்கு (ஞானஸ்நான)ச் சான்று, உறுதிபூசுதல் சான்று, மணமாகாத நிலைக்கான சான்று. சிறுவயதில் வாங்கி வைத்த பழைய திருமுழுக்குச் சான்று பெரும்பாலும் செல்லாது. புதிதாக எடுக்கச் சொல்வார்கள். காரணம், பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஓரத்தில் இடம் விட்டிருப்பார்கள். உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம், நித்திய வார்த்தைப்பாடு எல்லாம் அந்த ஓரத்தில்தான் ஏறும். திருமணமோ குருப்பட்டமோ நித்திய வார்த்தைப்பாடோ அங்கே ஏறவில்லை என்று பங்குத்தந்தை எழுதிக் கொடுப்பதே நீங்கள் தடையில்லாதவர் என்பதற்கு அடையாளம்.

இங்கே மாட்டிக்கொள்வது பெயரில். பதிவேட்டில் "அந்தோணியம்மாள்", பள்ளியில் "அனிதா", ஆதாரில் அப்பா பெயரோடு வேறொரு எழுத்து. சாதிச் சான்றிதழில் இந்து என்றும் கோயில் பதிவேட்டில் கிறிஸ்தவர் என்றும் இருக்கும் குடும்பங்களும் உண்டு. இதை மறைக்காமல் முதலிலேயே சபைக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கிறது என்று பங்குத்தந்தை கடிதம் தரலாம். ஆதாரையும் பள்ளிச் சான்றையும் ஒத்துப்போகச் செய்ய மாதங்கள் ஆகும், அதனால் சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். முன்பு வேறு சபையிலோ குருமடத்திலோ இருந்திருந்தால் அங்கிருந்து கடிதம் கட்டாயம். அதை மறைத்துச் சேர்வது பிறகு தெரிந்தால் வெளியே அனுப்பக் காரணமாகிவிடும்.

தீர்க்க முடியாத கடன் உள்ளவரைச் சேர்க்கக் கூடாது என்கிறது சட்டம் 644. உங்கள் பெயரில் கல்விக்கடன், மகளிர் குழுக் கடன், நகைக்கடன் எதுவும் இருந்தால் அடைத்துவிட்டோ, யார் அடைப்பார் என்று எழுத்தில் ஏற்பாடு செய்துவிட்டோ போங்கள். அப்பா வாங்கிய கூட்டுறவுப் பயிர்க்கடன் உங்கள் கடன் ஆகாது, ஆனால் நீங்கள்தான் ஜாமீன் என்றால் ஆகும். வயதான பெற்றோருக்கு நீங்கள் ஒரே ஆதரவு என்றால் சபைத் தலைவரிடம் அதை மறைக்க வேண்டாம்.

மருத்துவச் சோதனையில் பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அகப்படுவது இரத்தசோகை. ஆறு மாதம் முன்பே இரத்தம் பரிசோதித்து, மருத்துவர் சொல்லும் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டால் அது தடையாக நிற்காது. உளவியல் பரிசோதனை கேட்டால் உங்கள் சம்மதத்தோடு மட்டுமே செய்யலாம், அறிக்கையை யார் படிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள், பெற்றோருக்கு. சபையின் முதல் படியான தேர்வுநிலைக்குப் போகும் பிள்ளைக்கு பிளெக்ஸ் வைத்து, ஊர்ச்சாப்பாடு போட்டு வழியனுப்பாதீர்கள். அந்த பிளெக்ஸில் சிரிக்கும் முகம் ஆறு மாதத்தில் திரும்பி வர நினைத்தால் தெருவைக் கடக்கவே வெட்கப்படும். விருந்தை நித்திய வார்த்தைப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது, "பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் வந்துடு பாப்பா, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்று அப்பா தன் வாயால் சொல்லட்டும். அம்மா சொல்வது போதாது, அப்பாவும் சொல்ல வேண்டும்.

உள்ளே: படிநிலைகள்

தேர்வுநிலை, முன்நவதுறவு எல்லாம் சபைக்குச் சபை மாறும்; சேர்த்து ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு ஆகலாம். நவதுறவுக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும். நவதுறவகத்தில் 12 மாதம் கட்டாயம், மொத்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, ஐயம் இருந்தால் ஆறு மாதம் வரை நீட்டலாம். அந்த 12 மாதத்தில் 15 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் ஈடுசெய்ய வேண்டும். மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டினால் நவதுறவே செல்லாது. அதனால்தான் அக்கா கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் அனுப்பத் தயங்குவார்கள். தேதி வைக்கும்போதே குடும்பம் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வார்த்தைப்பாட்டுக்கு 18 வயது. தற்காலிக வார்த்தைப்பாடு மூன்று முதல் ஆறு ஆண்டு, தேவைப்பட்டால் ஒன்பது வரை. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21. இயேசு சபையில் மட்டும் இரண்டாண்டு நவதுறவு முடிந்ததுமே நித்திய வார்த்தைப்பாடு. அடைபட்ட மடங்களில் 2018இல் ரோம் கொடுத்த விதிப்படி தொடக்கப் பயிற்சி மொத்தம் ஒன்பது ஆண்டுக்குக் குறையக் கூடாது.

நவதுறவகத்து நாள் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். ஐந்து மணிக்கு மணி, காலைச் செபம், தியானம், திருப்பலி. பெருக்கித் துடைத்துப் பாத்திரம் கழுவிய பிறகு வகுப்பு. மதியம் ஆன்மச் சோதனை. மாலை தோட்ட வேலை, விளையாட்டு. செபமாலை, மாலைச் செபம், இரவு உணவு, பொழுதுபோக்கு, இரவுச் செபம், பிறகு மௌனம். கைப்பேசி இருக்காது. பெரும்பாலோர் திணறுவது செபத்தில் அல்ல, பக்கத்துப் படுக்கைக்காரரிடம்தான். அவர் குறட்டை விடுவதும், நீங்கள் பெருக்கிய இடத்தில் மண் காலோடு நடப்பதும், உங்கள் சோப்பை எடுப்பதும் மூன்றாவது மாதத்தில் தாங்க முடியாத அளவுக்குப் போகும். அதை நவதுறவு ஆசிரியரிடம் புகாராக எடுத்துப் போவதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடமே ஒருமுறை நேரில் பேசிப் பழகுங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாமல் முதல் வார்த்தைப்பாடு எடுத்தவர்கள் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவரோடு பேசாமல் இருப்பார்கள்.

ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள். உங்கள் மனச்சான்றை வெளிப்படுத்தும்படி தலைவர் எந்த வகையிலும் தூண்டக் கூடாது (சட்டம் 630). நம்பிக்கையோடு நீங்களாகப் பேசுவது வேறு. தகாத தொடுதலோ பேச்சோ யாரிடமிருந்து வந்தாலும், கீழ்ப்படிதல் என்ற பெயரில் மௌனமாக இருக்கக் கடமை இல்லை; வீட்டுக்கும், மேல் தலைமைக்கும், தேவையானால் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும்.

வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு

ஏழ்மை, பணம் கையில் வரும்போதுதான் தொடங்குகிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்த்தால் சம்பளம் உங்கள் பெயரில் வந்தாலும் சபைக்கே உரியது (சட்டம் 668). அதற்கு வருமான வரிப் பிடித்தம் பொருந்தும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பான் எண், படிவம் 16 எல்லாம் பொருளாளரிடம் ஒழுங்காக இருக்கட்டும். வழிச்செலவுக்கு வாங்கிய பணத்துக்கு அன்றன்றே கணக்கு எழுதுங்கள். தம்பி படிப்புக்கு அவசரம் என்று சபைக்குத் தெரியாமல் அனுப்பும் இரண்டாயிரத்தில்தான் பலருடைய ஏழ்மை ஓட்டையாகிறது. தலைவரிடம் கேட்டால் பல சபைகள் உதவுகின்றன. கேட்க வெட்கப்படுவதுதான் தடை.

குடும்பச் சொத்தில் உங்கள் பங்கு வார்த்தைப்பாட்டால் தானாகப் போய்விடுவதில்லை. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் அதை நிர்வகிக்கும் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகும் உயில் எழுத வேண்டும். அப்பா பெயரில் மூன்று மா நிலம் இருந்து, உங்கள் பங்கை அண்ணனுக்கு எழுத நினைத்தால், அண்ணனையோ அண்ணியையோ சாட்சியாக வைக்காதீர்கள். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும், சாட்சிக்கோ அவருடைய துணைக்கோ எழுதிய சொத்து செல்லாது. பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் பதிந்துவிடுங்கள்.

கீழ்ப்படிதல் இடமாற்ற ஓலையில் தெரியும். உடல்நலம், பெற்றோர் நிலை, கையிலுள்ள வேலை ஆகியவற்றைத் தலைவரிடம் முழுமையாகச் சொல்லிவிட்டு, பிறகு போவதுதான் கீழ்ப்படிதல். சொல்லாமல் போய்விட்டு அங்கே முணுமுணுப்பது அல்ல. கற்பைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு: இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் ஒருவரிடம் மட்டும் மனம் திறந்து பேசுவது வழக்கமாகிவிட்டால் அன்றே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். தனிமையைக் குழுவுக்குள் சொல்ல முடியாத வீடுகளில்தான் இது நேர்கிறது, அதனால் தலைவர்களும் தங்கள் வீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆண்டுத் தியானத்தைப் பள்ளி வேலைக்காக ஒரு முறை தள்ளிவைத்தால் அடுத்த ஆண்டும் தள்ளிப்போகும்.

வெளியே வர நேர்ந்தால்: நவதுறவி எந்த நாளிலும் தானாகப் போகலாம். தற்காலிக வார்த்தைப்பாடு முடியும் நாளிலும் அப்படியே. இடையில் என்றால் சபைத் தலைமையிடம் அனுமதி பெற வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு, திருப்பீட அனுமதி பெற்ற சபையா, ஆயர் அனுமதி பெற்ற சபையா என்பதைப் பொறுத்து, ரோமிடமோ ஆயரிடமோ விண்ணப்பிக்க வேண்டும். செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது. ஆனால் சபை நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ளக் கடமைப்பட்டது என்று சட்டம் 702 சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, சான்றிதழ்கள், வேலை கிடைக்கும் வரையிலான உதவி, மருத்துவச் செலவு பற்றி எழுத்தில் பேசி முடித்துக்கொண்டு வாருங்கள். வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறே பூசைக்குப் போங்கள். பங்கு மக்கள் ஏன் வந்தாய் என்று கேட்காமல் பாடகற்குழுவிலோ மறைக்கல்வியிலோ இடம் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.